விரல் போகாத இடம்

பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போகிறோம், என்ன வாங்கிக்கொண்டு போகலாம் என்று யாராவது கேட்டால் ‘பாட்டில் பிரஷ்’ என்கிறேன். கேட்டவர்களுக்குச் சப்பென்று போய்விடுகிறது. வெள்ளிக் கொலுசு, கவுன், கிலுகிலுப்பை என்று ஏதாவது சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார்கள். நான் மனசாரத்தான் சொல்கிறேன். எங்கள் மகளுக்கு ஏழாவது மாதம் நடக்கும்போது ஒரு சம்பவம் நடந்தது. அதற்கப்புறம் அந்தச் சின்னச் சாமானை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அவள் குறைமாதப் பிள்ளை. 33 வாரத்தில் பிறந்தாள். எடை 1.7 கிலோ. சப்புவது, விழுங்குவது, மூச்சு விடுவது இந்த மூன்றையும் தடுமாறாமல் சேர்த்துச் செய்யும் பக்குவம் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்குச் சுமார் 34 வாரத்தில்தான் வரும் என்றார்கள். அதனால் முதல் சில நாட்கள் குழாய் வழியாகத்தான் பால் போனது. பிறகு ஒருநாள் என்ஐசியு (பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு) சிஸ்டர் ஒரு எவர்சில்வர் பாலாடையைக் கொண்டுவந்தார். ஒரு பக்கம் கிண்ணம், இன்னொரு பக்கம் மூக்குப் போல நீண்டு குவிந்திருக்கும் அதே பாலாடை. எங்கள் ஊர்ப் பக்கம் சங்கு என்போம். இவ்வளவு மிஷின் நடுவில், பாட்டி காலத்துச் சாமானைத் தேடிப் பிடித்திருக்கிறார்களே என்று எனக்கு ஆச்சரியம். பாட்டில் வேண்டாமா என்று கேட்டேன்.

அந்த சிஸ்டர் பாலாடையை என் கையில் கொடுத்து, “உள்ள விரல விட்டுப் பாருங்க சார்” என்றார். விட்டேன். அடி, ஓரம், மூக்கு என்று எல்லா இடமும் விரலுக்கு எட்டியது. “உங்க விரல் போகாத இடம் இதுல இல்ல. தேய்ச்சீங்கன்னா தேய்ச்சதுதான். பாட்டில்ல அப்படி இல்ல சார், நெறைய சந்து பொந்து” என்றார். இந்தியாவில் பச்சிளங்குழந்தைகளைப் பார்க்கும் ஆஸ்பத்திரிகளில் குறைமாதப் பிள்ளைகளுக்குப் பாலாடையில் புகட்டுவது இன்றைக்கும் சாதாரணமான நடைமுறைதான். டாக்டர்கள் இங்கிலீஷில் எழுதும் கட்டுரைகளில்கூட ‘பாலாடை’ என்ற பெயரிலேயே அது வருகிறது. காய்ச்சிய பாலின் மேல் படிகிற ஆடைக்கும் நம் பாஷையில் அதே பெயர். இரண்டும் ஒரே பெயரில் இருப்பது பின்னால் எனக்கு வேறு மாதிரி ஞாபகத்துக்கு வந்தது.

ஆறு மாதம் வரை பெரிய சிக்கல் இல்லை. அம்மா பால், தேவைப்பட்டால் பாலாடை. 2017-ல் திருத்திய சட்டப்படி என் மனைவிக்கு 26 வாரம் பிரசவ விடுப்பு கிடைத்தது. பிரசவம் முந்திக்கொண்டதால் அத்தனையும் பிள்ளை பிறந்த பிறகே கழிந்தது. அந்த 26 வாரமும் ஓடிவிட்டது. அவள் வேலைக்குத் திரும்பினாள். காலையில் பீய்ச்சி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போகும் பாலைப் பகலில் மாமியார் கொடுப்பார். அவர் மதுரைக்காரர். பெட்டியிலேயே வெள்ளிச் சங்கு கொண்டுவந்திருந்தார்.

“மாப்ள, இந்தப் புட்டியெல்லாம் எதுக்கு? எம் பேத்தி சங்குல ஊத்துனா குடிக்க மாட்டாளா?”

குடித்தாள்தான். ஆனால் ஆறு மாதப் பிள்ளை சும்மா கிடந்து குடிக்குமா? கையைத் தட்டிவிடுவாள், திரும்புவாள், பாதிப் பால் கழுத்து மடிப்பில் ஓடும். ஒரு வேளைக்கு 120 மில்லி. அதைச் சங்குச் சங்காகப் புகட்டுவதற்குள் அத்தையின் மணிக்கட்டு வீங்கிவிட்டது. சரி, பாட்டில் வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தது நான். கழுவும் வேலையை நானே எடுத்துக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். இரவு சாப்பாடு முடிந்ததும் நான்கு பாட்டில், நான்கு நிப்பிள், பால் பீய்ச்சும் பம்ப் சாமான்கள் எல்லாம் எனக்கு.

அந்த மூன்று வாரமும் நான் ஒழுங்காகத்தான் கழுவினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாட்டிலோடு சேர்த்து வந்த பிரஷ் ஒன்று இருந்தது. நுனியில் பஞ்சு, சுற்றிலும் நைலான் நார். சோப்பு ஊற்றி நான்கு சுற்று சுற்றுவேன், நிப்பிள் மாட்டிய ரிங்கை அப்படியே குழாயடியில் பிடித்துத் தேய்ப்பேன், பிறகு வெந்நீரில் போடுவேன். பளபளவென்று இருக்கும். திடீரென்று ஒரு வெள்ளிக்கிழமை அவளுக்கு வயிற்றுப்போக்கு. நாளைக்கு எட்டு, ஒன்பது தடவை. கண் உள்ளே போய்விட்டது. டாக்டர் ஓஆர்எஸ் என்ற உப்புச் சர்க்கரைக் கரைசல் எழுதினார், 14 நாளைக்கு ஜிங்க் மருந்தும் எழுதினார். எழுதிக்கொண்டே, “பால் எதுல குடுக்குறீங்க? அந்தப் பாட்டில் கையில இருக்கா?” என்று கேட்டார். பையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

அவர் ரிங்கைத் திருகினார். அதிலிருந்து நிப்பிளைப் பிடித்து, டப்பென்று கீழ்ப்பக்கமாக இழுத்தார். நிப்பிள் தனியாக வந்தது. அது தனியாக வரும் என்றே எனக்குத் தெரியாது. மூன்று வாரமாக இரண்டையும் ஒரே சாமானாக நினைத்துத்தான் கழுவியிருந்தேன். ஒரு பல்குச்சி நுனியில் துளி பஞ்சைச் சுற்றி, நிப்பிளின் விளிம்பு ரிங்கில் உட்காரும் பள்ளத்தில் ஒரு சுற்று ஓட்டி எடுத்தார். பஞ்சு மஞ்சளாக வந்தது. களிம்பு மாதிரி, விரலில் தேய்த்தால் வழவழவென்று. “மோந்து பாருங்க” என்று நீட்டினார்.

புளித்த மோரும் கெட்டுப்போன நெய்யும் கலந்தது போல ஒரு காறல். பக்கத்தில் அத்தை பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

“இதனாலதான் வந்துச்சுன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இது இங்க இருக்கக் கூடாது” என்றார் டாக்டர். திட்டவில்லை. பாட்டிலை எப்படிப் பிரிப்பது, எந்தெந்த இடத்தில் தேய்ப்பது என்று வாஷ்பேசினுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். அந்த ஐந்து நிமிஷத்தை நான் மறக்க மாட்டேன்.

ஓஆர்எஸ்ஸிலேயே பிள்ளை தேறிவிட்டாள். நான் மட்டும் அந்த மஞ்சள் பஞ்சை விட்டு வெளியே வரவில்லை. பாலில் கொழுப்பும் புரதமும் இருக்கிறது. பாட்டிலில் மிச்சம் நிற்கிற பால் காயக் காயச் சுவரில் ஏடு ஏடாகப் படிகிறது. அதுவும் பாலாடைதான், கண்ணுக்குத் தெரியாத பாலாடை. அதன் மேல் சுடச்சுடத் தண்ணீரை ஊற்றினால் புரதம் இறுகி இன்னும் ஒட்டிக்கொள்ளும். அதனால் முதல் அலசல் பச்சைத் தண்ணீரில் அல்லது வெதுவெதுப்பில். சோப்பும் சூடும் அப்புறம்தான். குடித்து முடித்ததும் இந்த ஒரு அலசலைச் செய்துவிட்டால் இரவு வேலை பாதியாகக் குறைகிறது. அலசாமல் மதியம் முழுக்கக் கிடந்த பாட்டிலைத் தேய்த்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

கொதிக்க வைத்தால் எல்லாம் செத்துவிடும், தேய்ப்பதில் என்ன இருக்கிறது என்று நானும் நினைத்தவன்தான். கொதிநீரோ ஆவியோ கிருமியைத் தொட்டால்தான் கொல்லும். பால் ஏடு போர்வை மாதிரி மேலே கிடந்தால் அதன் அடியில் இருப்பது தப்பிக்கும். முதலில் தேய்த்து நீக்க வேண்டும், பிறகுதான் கொதிக்க வைக்க வேண்டும். ஸ்டெரிலைசர் வாங்க மூவாயிரம் ரூபாய் யோசிக்காமல் கொடுக்கிற நாம், பிரஷ் விஷயத்தில் பாட்டிலோடு என்ன வந்ததோ அதோடு நின்றுவிடுகிறோம். என்னைக் கேட்டால் ஸ்டெரிலைசர் இல்லாமல் ஒரு வீடு சமாளித்துக்கொள்ளலாம், ஐந்து நிமிஷம் கொதிக்க வைக்க ஒரு பாத்திரம் போதும். நல்ல பிரஷ் இல்லாமல் முடியாது.

விரல் போகாத இடத்துக்குப் பால் போய் உலகம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் பிரான்ஸிலும் தட்டையான கண்ணாடிப் புட்டியில் நீளமாக ரப்பர் குழாய் வைத்து, அதன் நுனியில் காம்பு மாட்டி விற்றார்கள். புட்டியைப் பக்கத்தில் வைத்துவிட்டால் பிள்ளை தானே குடித்துக்கொள்ளும், யாரும் தூக்கிப் பிடிக்க வேண்டாம். அம்மாக்களுக்கு அது பெரிய உபகாரமாகத் தெரிந்தது. அந்தக் குழாய்க்குள் மட்டும் எதையும் விட்டு ஒழுங்காகத் தேய்க்க முடியவில்லை. மெல்லிய பிரஷ் கொடுத்துப் பார்த்தார்கள், பிரயோஜனமில்லை. பால் உள்ளேயே தங்கிப் புளித்து, குழந்தைகள் வயிற்றுப்போக்கில் செத்தன. இங்கிலாந்தில் அந்தப் புட்டிகளுக்குக் ‘கொலைப் புட்டி’ என்றே பேர் வந்துவிட்டது. பிரான்ஸ் 1910-ல் சட்டம் போட்டு நீளக் குழாய்ப் புட்டிகளைத் தடை செய்தது. அதற்குள் இங்கிலாந்தில் வேறொரு புட்டி பரவ ஆரம்பித்திருந்தது. படகு மாதிரி வளைந்து, இரண்டு முனையும் திறந்திருக்கும். ஒரு முனையில் காம்பு, மறு முனையில் காற்று போக வால்வு. இரண்டையும் கழற்றிவிட்டால் தண்ணீர் ஒரு பக்கம் போய் மறு பக்கம் வரும், பிரஷும் அப்படியே. அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்கு நம் சங்குதான் ஞாபகம் வந்தது. எதை வைத்துக் கழுவுவது என்று யோசித்துச் செய்த பாத்திரம் கிட்டத்தட்ட ஒரே உருவத்துக்கு வந்து நிற்கிறது.

இந்தியச் சட்டமும் பாட்டிலைச் சும்மா விடவில்லை. குழந்தைப் பால் மாற்றுகள், பால் புட்டிகள் பற்றிய 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பால் புட்டிக்கு விளம்பரம் செய்யக் கூடாது. 2003-ல் அதை இன்னும் இறுக்கினார்கள். அதில் பால் புட்டி என்றால் காம்பும் வால்வும் சேர்த்தி என்று விளக்கம்கூட இருக்கிறது. தாய்ப்பாலைக் காப்பாற்ற வந்த சட்டம், அதை முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் வேறு வழியில்லாமல் பாட்டிலை எடுக்கிற வீட்டுக்கு, அதை எப்படிப் பிரித்துக் கழுவுவது என்று சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. டப்பாவுக்குள் பொடி எழுத்தில் ஒரு தாள் மடித்துக் கிடக்கும். நான் அதைப் பிரித்துப் பார்க்காமலேயே குப்பையில் போட்டிருந்தேன்.

சரி, பிரஷுக்கு வருகிறேன். கடையில் பார்த்தால் எல்லாம் ஒன்று போலத்தான் தொங்கும். கையில் எடுத்துப் பார்த்தால் நிறைய வித்தியாசம்.

நைலான் பிரஷ்தான் பழைய வகை. இரண்டு கம்பிக்கு நடுவில் நாரைப் பரப்பி வைத்து, கம்பியை முறுக்கினால் நார் சுருள் சுருளாகச் சுற்றி நிற்கும். நைலான் நார் முதன்முதலில் 1938-ல் அமெரிக்காவில் பல் பிரஷில்தான் வந்தது. அதற்கு முன்னால் பன்றி முடிதான். ஈரம் குடிக்காத, உதிராத நார் பால் பாட்டிலுக்குள் வந்தது பெரிய விஷயம். அதன் பலவீனம் அந்த முறுக்குக் கம்பியில் இருக்கிறது. நுனியில் கம்பி மடியும் இடத்தை உருண்டை மாதிரி பிளாஸ்டிக்காலோ, நார்க் கொத்தாலோ மூடியிருக்க வேண்டும். என் பழைய பிரஷில் பஞ்சு நைந்து, கம்பியின் முனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. முறுக்கின் இடுக்கில் செம்பழுப்பாகத் துரு. பாட்டிலின் அடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். உள்ளே வட்ட வட்டமாகக் கீறல், கிராமபோன் தட்டு மாதிரி. நான் போட்டவை. ஒவ்வொரு கீறலும் பால் தங்க ஒரு வாய்க்கால். இப்போது வரும் பிளாஸ்டிக் பாட்டில்கள் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். மென்மையானது, சீக்கிரம் கீறிக்கொள்ளும். அந்த நான்கு பாட்டிலையும் அன்றைக்கே தூக்கிப் போட்டேன்.

பாலிகார்பனேட் பாட்டில்கள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் தேய்ப்பதிலேயே இன்னொரு சங்கடமும் இருந்தது. பிரஷ் போட்டுத் தேய்ப்பதாலும் கொதிக்க வைப்பதாலும் அந்தப் பிளாஸ்டிக்கிலிருந்து பிஸ்பினால் ஏ என்ற வேதிப்பொருள் கூடுதலாகக் கசிகிறது என்று நார்வே ஆய்வாளர்கள் 2003-ல் காட்டினார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2011-ல் அதைப் பால் பாட்டிலிலிருந்து விலக்கியது. நம் நாட்டுத் தரநிலை ஐஎஸ் 14625 திருத்தப்பட்ட 2015-லிருந்து இங்கேயும் பாலிகார்பனேட்டுக்கு இடமில்லை. யாராவது அக்கா, அண்ணி பத்துப் பதினைந்து வருஷமாக எடுத்து வைத்த பாட்டில் கொடுத்தால் அன்போடு வாங்கி, பால் ஊற்றாமல் வைத்துவிடுங்கள்.

சிலிக்கோன் பிரஷ் இப்போது எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. நார் தடிமனாக, ரப்பர் பல் மாதிரி இருக்கும். கீறாது, தண்ணீர் பிடிக்காது, உதறினால் காய்ந்துவிடும். வெளியே இழுக்கும்போது முகத்தில் சோப்புத் தண்ணீர் தெறிக்காது. நைலான் பிரஷை வேகமாக இழுத்தால் நார் விர்ரென்று நிமிர்ந்து கண்ணாடி வரைக்கும் தெறிக்கும், பாட்டிலைத் தண்ணீருக்குள் சாய்த்துப் பிடித்துத்தான் மெல்ல இழுக்க வேண்டும். ஆனால் சிலிக்கோன் பல் தடி என்பதால் அடி மூலைக்கும் மரை இடுக்குக்கும் அது போகாது. பிளாஸ்டிக் பாட்டிலுக்குச் சிலிக்கோன், கண்ணாடிப் பாட்டிலுக்கு நைலான் என்று நான் பிரித்துக்கொண்டேன். கண்ணாடியை நைலான் ஒன்றும் செய்யாது, நன்றாக அழுத்தித் தேய்க்கலாம்.

பஞ்சு பிரஷை நான் யாருக்கும் சொல்வதில்லை. நுரை நன்றாக வரும், சுத்தமாகிவிட்டது போல ஒரு திருப்தியும் வரும். ஆனால் சென்னை மாதிரி ஊரில், அதுவும் ஐப்பசி கார்த்திகையில், ராத்திரி கழுவிய பஞ்சு காலை வரை காயாது. பிழிந்தால் தண்ணீர் வரும். காயாத பஞ்சுக்குள் கிருமி குடித்தனம் நடத்தும். கொஞ்ச நாளில் துணுக்குத் துணுக்காகப் பிய்ந்து பாட்டிலுக்குள் விழவும் செய்யும்.

அடுத்தது சின்ன பிரஷ். கட்டைவிரல் அளவு தலை, நிப்பிளுக்கென்றே செய்தது. சில பெரிய பிரஷ்களின் கைப்பிடியிலேயே மறைந்திருக்கும், திருகினால் வரும். எங்கள் வீட்டில் அது மூன்று வாரமாகத் திறக்கப்படவே இல்லை. நிப்பிளை உள்வெளியாகத் திருப்பி, காம்பின் குழிக்குள் இதை விட்டு நான்கு சுற்று. பிறகு சோப்புத் தண்ணீரை உள்ளே நிரப்பி விரலால் அழுத்தினால், நுனி ஓட்டை வழியாக நூல் மாதிரிப் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சவில்லை என்றால் ஓட்டையில் பால் காய்ந்து அடைத்திருக்கிறது, ஊற வைக்க வேண்டும். ஊசி விட்டுக் குத்தாதீர்கள். ஓட்டை பெரிதாகிப் பிள்ளைக்குப் புரையேறும். நிப்பிளின் விளிம்பில் காற்றுப் போக ஒரு மிகச் சின்னத் துளை இருக்கும், இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கித் தேய்த்தால் அது திறந்துகொள்ளும்.

மூன்றாவது, ஊசி பிரஷ். துடைப்பக்குச்சியை விட ஒல்லி. வயிற்றில் காற்று சேராமல் இருக்க உள்ளே குழாய் வைத்த பாட்டில்கள் இருக்கின்றன அல்லவா, அதற்கு இது இல்லாமல் வழியே இல்லை. சிலவற்றின் டப்பாவிலேயே வரும், தொலைத்துவிட்டால் அந்தப் பாட்டிலைத் தொடாதீர்கள். பம்ப் சாமானில் மட்டும் ஒரு ஜாக்கிரதை வேண்டும். வாத்து அலகு மாதிரி நுனி பிளந்த சிலிக்கோன் வால்வு ஒன்று இருக்கும். அதற்குள் எந்தப் பிரஷையும் விடக்கூடாது. பிளவு துளி கிழிந்தாலும் இழுப்பு போய்விடும். நான் கிழித்தேன். மறுநாள் அலுவலகத்தில் மனைவிக்குப் பால் இறங்காமல் நெஞ்சு கட்டிக்கொண்டு, அரை நாள் விடுப்புப் போட்டு வீட்டுக்கு வந்தாள். விரலால் சோப்புத் தண்ணீரில் அலசினால் போதும்.

இதையெல்லாம் பாத்திரம் கழுவும் சிங்க்கில் போட்டுச் செய்யக் கூடாது என்பதும் டாக்டர் சொன்னதுதான். கோழி கழுவிய தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர் எல்லாம் போன தொட்டி. பாட்டிலுக்கென்று தனியாக ஒரு எவர்சில்வர் பேசின், தனியாக இந்தப் பிரஷ்கள். வேறு எதற்கும் தொடக் கூடாது. எங்கள் வீட்டில் வேலைக்கு வரும் அக்கா ஒருநாள் பெரிய பிரஷை எடுத்து ஃபிளாஸ்க் கழுவிவிட்டார். அவரிடம் கோபப்படாமல் காரணத்தைச் சொன்னேன். மறுநாள் அவரே கைப்பிடியில் ஒரு மஞ்சள் நூலைக் கட்டி வைத்தார், யார் கைக்கும் மாறிப் போகாதபடி. அவர் பேரனுக்கும் அப்போது எட்டு மாதம் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

தேய்ப்பதில் பாட்டிலின் நடுப்பகுதி தானாகச் சுத்தமாகிவிடும். ஏமாற்றுவது மூன்று இடம். அடியின் மூலை, கழுத்துக்குக் கீழே தோள் மாதிரி அகலும் வளைவு, பிறகு மரை. தோள் வளைவுக்குப் பிரஷை நேராக விட்டுச் சுற்றினால் போதாது. கொஞ்சம் வெளியே இழுத்து, சாய்த்துப் பிடித்து, பாட்டிலைச் சுற்ற வேண்டும். பிரஷ் நிற்கட்டும், பாட்டில் சுழலட்டும். மரைக்குச் சின்ன பிரஷ், பாட்டில் கழுத்தின் வெளிமரைக்கும் ரிங்கின் உள்மரைக்கும். அகல வாய்ப் பாட்டிலை நான் தேர்ந்தெடுப்பதும் இதற்காகத்தான். என் இரண்டு விரலாவது உள்ளே போகிறது.

அந்தக் காலத்தில் பிரஷ் இல்லாமல் என்ன செய்தார்கள் என்று அத்தையிடம் கேட்டேன். ஒரு பிடி அரிசியும் வெந்நீரும் போட்டுக் குலுக்கினால் எண்ணெய்ப் புட்டிகூட பளிச்சென்று ஆகிவிடும் என்றார். கண்ணாடிக்கு அது நல்ல யோசனைதான். பிளாஸ்டிக்கில் அரிசியும் கீறும், தோளுக்கும் மரைக்கும் அது எட்டாது.

எங்கள் பகுதியில் போர்த் தண்ணீர், உப்பு அதிகம். கொதிக்க வைத்துக் காய்ந்ததும் பாட்டிலின் உள்ளே வெள்ளை மூட்டம் போடும். ஆரம்பத்தில் அதைப் பால் என்று நினைத்து ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மறுபடி மறுபடி தேய்த்திருக்கிறேன். இரண்டுக்கும் வித்தியாசம் விரலுக்குத் தெரியும். உப்புக் கறை சுண்ணாம்பு மாதிரி சொரசொரப்பாக இருக்கும், சோப்புக்கு அசையாது, வெள்ளை வினிகரில் ஊற வைத்தால் கரைந்துவிடும். பால் ஏடு வழவழக்கும், வினிகருக்கு மசியாது, சோப்புக்கும் பிரஷுக்கும் வந்துவிடும். சுத்தமான பாட்டிலின் உள்சுவரில் ஈர விரலை ஓட்டினால் கீச்சென்று சத்தம் வரும். நான் இன்றைக்கும் அந்தச் சத்தத்துக்குத்தான் காத்திருப்பேன்.

கழுவி முடித்ததும் துணி போட்டுத் துடைக்க வேண்டாம். துணியில் இருப்பது உள்ளே போகும். சுத்தமான துண்டின் மேல் பிரித்தபடியே பரப்பிக் காற்றில் காய விட்டால் போதும். இரண்டு மாதம் ஆகாத பிள்ளை, குறைமாதப் பிள்ளை, எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளை என்றால் தினமும் ஒருமுறை கொதிக்க வைப்பதை விடக் கூடாது. மற்றப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு முறையும் ஒழுங்காகக் கழுவுவதே முக்கியம்.

கடைசியாக, பிரஷையே கழுவுவது. இதை நான் கண்டுபிடித்த விதத்தை நினைத்தால் இன்னும் உடம்பு கூசுகிறது. புது பிரஷ் வாங்கி, அழகாக ஒரு குவளையில் தலைகீழாக நிறுத்தி வைத்திருந்தேன். பத்து நாள் கழித்துக் குவளையைத் தூக்கிப் பார்த்தால் அடியில் கருப்பாக, கொழகொழவென்று ஒரு சவ்வு. நாரிலிருந்து வடிந்த தண்ணீர் அங்கேயே நின்றிருக்கிறது. தினமும் ராத்திரி நான் பாட்டிலுக்குள் விட்டுச் சுற்றியது அந்தக் குழம்பில் நின்ற பிரஷை. அன்றிலிருந்து குவளை கிடையாது. வேலை முடிந்ததும் பிரஷை அலசி, உதறி, ஜன்னல் கம்பியில் கொக்கி போட்டு, தலை கீழே தொங்குகிற மாதிரி மாட்டிவிடுகிறேன். தண்ணீர் கைப்பிடிக்குள் இறங்காது, காற்றும் படும். பேசினையும் பிரஷையும் மூன்று நாளைக்கு ஒருமுறை சோப்பு வெந்நீரில் தேய்த்து, மகளுக்கு ஒரு வயது ஆகும் வரை பாட்டிலோடு சேர்த்துக் கொதிக்கவும் வைத்தேன். சிலிக்கோனும் நைலானும் தாங்கின. ஒட்டு வைத்த கைப்பிடி என்றால் டப்பாவில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நார் வளைந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தால், துரு தெரிந்தால், வாடை வந்தால் மாற்றிவிட வேண்டும். எனக்கு ஒரு பிரஷ் ஆறு வாரம் வந்தது.

மகளுக்கு ஒரு வயது முடிந்ததும் டாக்டர் பாட்டிலைக் குறைக்கச் சொன்னார். ஒன்றரை வயதுக்குள் டம்ளருக்கு வந்துவிட்டாள். பெரிய பிரஷுக்கு வேலை முடிந்தது. ஊசி பிரஷ் மட்டும் இன்னும் தொங்குகிறது, பள்ளிக்கூடத் தண்ணீர் பாட்டிலின் ஸ்ட்ராவுக்கு. அந்த ஸ்ட்ராவை வாரத்துக்கு ஒருமுறையாவது வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

போன மாதம் கோயம்புத்தூரில் தம்பிக்குப் பையன் பிறந்தான். தம்பி மனைவிக்குப் பால் போதவில்லை. டாக்டர் யோசனைப்படி பவுடர் பால் கொஞ்சம் கொடுக்க வேண்டியிருந்தது. மூன்று பிரஷ், ஒரு பேசின், ஒரு கொக்கி வாங்கிக்கொண்டு போனேன். பவுடரிலும் கிருமி இருக்க வாய்ப்புண்டு, 70 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் கலக்கி, பிறகு ஆற வைத்துக் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-லேயே சொல்லியிருப்பதைத் தம்பியிடம் சொன்னேன். வீட்டில் எல்லாரும் படுத்த பிறகு இருவரும் அடுப்படியில் நின்றோம். ரிங்கிலிருந்து நிப்பிளை இழுத்துக் காட்டினேன். முதலில் அவன் கைக்கு வழுக்கியது. மூன்றாவது முறை டப்பென்று வந்தது. பள்ளத்தில் சின்ன பிரஷை ஓட்டினான். மரை, தோள், அடி மூலை. பாட்டிலைச் சுழற்றினான். அலசிவிட்டு ரிங்கை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தவன், என்னிடம் நீட்டினான்.

“நீங்களும் மோந்து பாருங்கண்ணா.”

பார்த்தேன். வெந்நீர் வாடை மட்டும்தான் இருந்தது.